ஐந்து துண்டும் இருபது கட்டமும்

வீதியில் மறித்த பொலிஸ்காரருக்குக் காட்ட, மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தூக்கிக் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடினேன். ஓர் அட்டைத் துண்டு கையில் பட்டது. மூன்று சதுரங்கள் வரிசையாக, நடுச் சதுரத்தின் கீழே இன்னொன்று. மச்சான், பிஸ்கட் பெட்டியில் வெட்டி உனக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. ஓரமெல்லாம் உன் விரல் பட்டு நைந்திருக்கிறது. மற்ற நான்கு துண்டும் எங்கே போயினவோ தெரியாது.

வல்வெட்டித்துறையில் வள்ளங்களின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கை உன்னுடையது. கிழமைக்கு மூன்று தரம், இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு நாலு மணித்தியாலம் சும்மா கிடக்க அதற்குத் தெரியவில்லை. ஊசி ஏற்றாத கைக்காவது வேலை இருக்கட்டும் என்றுதான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தேன். நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால், திருப்பியும் புரட்டியும் பார்த்தாலும், ஐந்து வடிவங்கள்தான். மொத்தம் இருபது கட்டம். அட்டையில் நான்குக்கு ஐந்தாகக் கீறிய பெட்டிக்குள் அவற்றை அடுக்கவேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்ததால் நானும் நம்பினேன்.

“வருமோடா?”

“வரும். ஆறுதலாப் பார்.”

மாசியில், நில அளவைப் படம் வரையும் என் மேசையில் வைத்து, அந்தப் பெட்டியைச் சதுரங்கப் பலகைபோல நிறந்தீட்டிப் பார்த்தேன். பத்துக் கறுப்பு, பத்து வெள்ளை. நான்கு துண்டுகள் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். இந்தத் துண்டு மட்டும் ஒரு நிறத்தில் மூன்று, மற்றதில் ஒன்று. எப்படி அடுக்கினாலும் பத்துக்குப் பத்து வராது. அதே கிழமைதான் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். உன் இருதயம் தாங்காது, மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வழியில்லை, மெசினும் கனகாலத்துக்கு உதவாது என்றார். துண்டுகள் அடங்காது என்பது, டொக்டர் சொன்னது, இரண்டையும் நான் உனக்குச் சொல்லவில்லை.

ஆனியில் ஒரு பகல், நீ தாதியிடம் பேனை வாங்கிக் கடதாசியில் கட்டம் விட்டுக் கட்டம் தீட்டினாய்.

“உது ஒருநாளும் வராது. உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“எப்ப துவக்கம்?”

“மாசி துவக்கம்.”

நீ கோபப்படவில்லை. குழாயில் ஓடும் உன் இரத்தத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாய். பிறகு என் முகத்தை.

“மாசியிலைதானே டொக்டர் உன்னைத் தனியக் கூப்பிட்டவர். அப்ப அவர் சொன்னதையும் மறைச்சுப்போட்டாய், என்ன?”

நீ துண்டுகளைப் பொறுக்கி என் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டாய். “இனி உதுகளைக் கொண்டுவராதை.”

வெளியில் வந்து அவற்றை மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே போட்டேன். அதன் பிறகு காற்றையும் கடலையும் பற்றி மட்டுமே கதைத்தோம். ஆடி முடிய முதல் நீ போய்விட்டாய். எல்லாம் தெரிந்துகொண்டு, பக்கத்தில் நான் இருந்தும், தனியாகத்தான் கிடந்தாய். அதை இனி எதைக்கொண்டும் சரிப்படுத்த முடியாது.

போன கிழமை உன் மகள் கேட்டாள்.

“மாமா, அப்பாவுக்குக் கடைசியிலை தெரிஞ்சிருந்ததோ?”

“இல்லைப் பிள்ளை. சுகமாகி வருவன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது போதும்” என்றாள். உனக்குச் சொல்லாமல் விட்டதோடு, அவளுக்குச் சொன்னதும் இப்போது என்னோடுதான் இருக்கிறது.