பிரியாத படை

அன்பு மகள் பெனினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் எனக்குக் காய்ச்சல் விட்டு ஒன்பது நாளாகிறது, அப்பாவும் பன்றிகளும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் கம்பளிச் சட்டையை மறக்காமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுகொண்டே இருப்போம், ஒரு விஷயமும் நகராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பெட்டி கட்டுவதாக அப்பாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். பெற்ற அம்மாவுக்கே ஒரு மாத்திரையைப் புரியவைக்கத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டாயாம். முதலில் பெட்டியை அவிழ்த்து வை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அப்புறம் யார்மேல் தப்பு என்று பார்க்கலாம்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் நோயை விளக்கினாயே. ரத்தத்தில் இருக்கும் காவல் படை கிருமியை விட்டுவிட்டு என் சிறுநீரகத்தையே அடிக்கிறது, இந்த மஞ்சள் மாத்திரை அந்தப் படையைப் பிரிய விடாது என்றாய். அது அப்படியே மனதில் தங்கிவிட்டது. குடும்பத் தலைவர் பட்டம் யாருக்கு என்று உன் அப்பாவும் பெரியப்பா மகன் சோலோமோனாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே உமு அடுப்பில் கல் சுட்டுச் சமைத்த குடும்பம் இரண்டாகி, தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் உட்காருகிறோம். இந்த வீட்டில் பிரியாமல் இருக்க ஒரு மாத்திரை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அக்டோபரில் பிள்ளைகள் ஞாயிறு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வெள்ளை உடுப்பு தைத்தாயிற்று, அத்தனை பேருக்கும் இருமல். வசனம் சொல்லிக்கொடுக்கிறவள் நான், ஒதுங்கி நிற்க முடியுமா? படை ஒற்றுமையாக நின்றால் சளி அண்டாது என்று நினைத்து மூன்று வாரம் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிறன்று பிள்ளைகளை உட்காரவைத்துப் பெரியவர்கள் பரிமாறும்போது கையில் டாரோ கிழங்குத் தட்டோடு காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றேன், அதற்குமேல் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால் வெள்ளை அணு மிச்சம் சொற்பம், நுரையீரலில் சளி. நர்ஸ் டுலிமா, உன்னோடு பள்ளியில் படித்தவள்தான், மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டாள், சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ அத்தை, பிரியிறதுன்னா கோவிச்சுக்கிட்டுப் போறதில்ல. ஒண்ணு பிரிஞ்சு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், அப்படித்தான் படையே பெருகும். நீங்க ஆளே இல்லாத கோட்டையில ஒத்துமை பாத்திருக்கீங்க!" என்றாள். அடுத்த கட்டில்காரி சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. அன்று சாயங்காலம் சோலோமோனா கோகோ காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தான். அவனும் அப்பாவும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அணுக்கள் ஏறிக்கொண்டு வருகின்றன. திங்கட்கிழமை மறுபடி ரத்தம் பார்த்துக் கொஞ்சமாக ஆரம்பிப்பார்களாம், இல்லாவிட்டால் சிறுநீரகம் போய்விடும். மருந்து கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நீ அணுக்களுக்குச் சாயம் ஏற்றி, ஒவ்வொரு தடவை அணு பிரியும்போதும் அந்தச் சாயம் பாதியாவதைப் பார்த்து, எவ்வளவு மருந்துக்கு எத்தனை தடவை பிரிகிறது என்று எண்ணுவதாகச் சொன்னாயே, அது இதற்குத்தானே? நீ பெட்டி கட்டினால் அதை எண்ணுவது யார்? வராதே என்று சொல்ல எனக்கு மனசே இல்லை, ஆனாலும் சொல்கிறேன், படிப்பை முடித்துவிட்டு வா.

தப்பு யார்மேல் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. பட்டத்துச் சண்டையால்தான் என் காதில் அப்படி விழுந்தது என்று டுலிமாவிடம் சொன்னேன், அது பாதி உண்மைதான். நீ மாத்திரையைப் பற்றிச் சொன்னது படகுத்துறையில், உன் பெட்டியை ஏற்கெனவே படகில் ஏற்றிவிட்டார்கள். பிரிய விடாது என்ற ஒரு சொல் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நீ எவ்வளவோ விளக்கினாய், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அடுத்த தடவை மருந்து விஷயம் இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடு, படகு ஏறுகிற அன்றைக்குச் சொல்லாதே.

உன் அம்மா,
சியேனி