சூடு இல்லாத வெளிச்சம்

அன்புள்ள டீச்சருக்கு,

நானும் மகளும் நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவளுடைய இருமல் நின்றுவிட்டது. என் சமையலைப் பற்றி அவள் தனியாக ஏதாவது எழுதியிருந்தால் நம்பாதே.

இன்னும் இரண்டு வருடம் அங்கேயே பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு வருகிறேன். முதலில் உன் மைக்ராஸ்கோப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அதன் பல்பு போய்விட்டது. கடை கடையாக ஏறி இறங்கினேன்; அந்த ரகம் இப்போது வருவதே இல்லையாம். ஊரெல்லாம் விளக்குப் போடுகிற எலக்ட்ரீஷியன், பெண்டாட்டியின் மைக்ராஸ்கோப்பை இருட்டில் வைத்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? பழையதைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எல்இடியை வைத்தேன். பழைய பல்பின் கம்பி எரிந்த அதே உயரத்தில் இது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் தெரிகிறது. ஒரு தகர மூடியை அடியில் அண்டக்கொடுத்துச் சரிசெய்தேன்.

பூச்சாடித் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், நட்டநடுவில் மஞ்சளாக, சதுரமாக ஒரு பிராணி! அசையவே இல்லை. ஓடி வா என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது நீ வச்ச லைட்டுப்பா" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். வெளிச்சம் பரவ அந்த லைட்டுக்குக் குறுக்கே ட்ரேசிங் பேப்பர் ஒட்டியதும் என் பிராணி காணாமல் போனது.

அதன் பிறகு பார்த்ததை எப்படி எழுதுவேன்! பழைய பல்பில் சொட்டு சூடேறி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் அசைவற்றுப் போகும். "சீக்கிரம் பாருங்க, சீக்கிரம்" என்று நீ எங்களை விரட்டுவாய். இதில் சூடே இல்லை. செருப்பு மாதிரி இருக்குமே, உன் பாரமீசியம், அது பாட்டுக்குப் போகிறது, முட்டுகிறது, திரும்புகிறது. உடம்புக்குள் ஏதோ சுருங்கி விரிவதுகூடத் தெரிகிறது. தினமும் இந்தத் தண்ணீரைத்தானே நான் வாசலில் கொட்டுகிறேன்!

அதில் ஒன்று இடுப்பில் ஒடுங்கத் தொடங்கியது. இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. இடுப்பு நூலாக இழுத்து, இழுத்து, அறுந்தது. ஒன்று இரண்டாகிவிட்டது! ஒன்று அந்தப் பக்கம் போனது, ஒன்று இந்தப் பக்கம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மகள் கண்ணை எடுக்காமல், "இதுல எதுப்பா அம்மா?" என்றாள்.

நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

கையெழுத்து விஷயம். அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியும். நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். மகள் கேட்டதற்கு மட்டும் பதிலைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிடாதே, நேரில் வந்து சொல்.

உன்
எலக்ட்ரீஷியன்