கூரைத் துணி காயும்வரை

மச்சான்,

இன்று காலை வெல்லாவெளியிலிருந்து ஒரு கார் வந்தது. பின் இருக்கையில் வைத்த தயிர்ச் சட்டி பள்ளத்தில் குலுங்கி, காருக்குள் மேலே ஒட்டியிருக்கும் கூரைத் துணிவரை தெறித்திருக்கிறது. கதவைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. காரின் சொந்தக்காரர் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பாதித் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். நீ இருந்திருந்தால் மனிசனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். எனக்கு ஏசக்கூட மனம் வரவில்லை.

நாவற்குடாவில் நாம் இருவரும் சேர்ந்து வாகனம் கழுவ இந்தக் கொட்டிலைப் போட்டபோது, வெளிப்புறம் எனக்கு, உட்புறம் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். கூரையை ஒருநாளும் நீ என்னை நம்பித் தந்ததில்லை. முதலில் மெல்லிய பிரஷால் தூசி தட்டுவாய். பிறகு சவர்க்காரத் தண்ணீரை நன்றாக அடித்து, நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்றுவாய். ஈரம் உள்ளே இறங்கினால் பசை விட்டுவிடும் என்று உனக்கு அப்படியொரு பயம். “உரஞ்சாத மச்சான், ஒத்தி எடு. பசை விட்டா மறுகா ஒட்டாது” என்பாய். இருக்கையைச் சாய்த்து மல்லாந்து கிடந்து, இரண்டு கைகளையும் தூக்கியபடி மணிக்கணக்கில் வேலை செய்வாய். அதனால் தோள் உளைவு உன்னோடு கூடப் பிறந்ததுபோல் ஆகிவிட்டது. நான் தைலம் தேய்த்துவிடுவேன். “என்ட பொஞ்சாதி கூட இப்படித் தேய்க்கமாட்டாள்” என்று கேலி செய்வாய்.

அன்று பின்னேரமும் அதே உளைவுதான் என்று நினைத்தோம். வேலை முடித்து இறங்கியபோது உன் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. “இடக்கை உளையுது மச்சான். நெஞ்சுக்குள்ளயும் பிடிச்ச மாதிரிக் கிடக்கு” என்றாய். கூரை வேலைக் கைதானே என்று சொல்லிவிட்டு, தோளிலிருந்து மணிக்கட்டுவரை தேய்த்தேன். உன் தோல் சில்லிட்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது, ஆனால் விளங்கவில்லை.

“ஆசுபத்திரிக்குப் போவமா?” என்று ஒருதரம் கேட்டேன். அந்த நேரம் கொட்டிலில் நின்றது நீ கூரை துடைத்த அந்த ஒரு கார்தான்.

“பொறு, துணி காயட்டும். இப்ப கதவச் சாத்தினா உள்ளுக்கு மணக்கும்” என்றாய்.

நானும் சரி என்றேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, வாவிக் காற்றில் துணி காயட்டும் என்று காத்திருந்தோம். நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாய். களைப்பு என்று நினைத்து உன்னைக் குழப்பாமல் இருந்தேன். எழுப்பப் போனபோது நீ எழும்பவில்லை.

மறுநாள் காரை எடுக்க வந்தவர் மேலே பார்த்து, ஒரு அடையாளமும் இல்லையே என்று மெச்சினார். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “கடைசியா அவர் என்ன சொன்னவர் அண்ண?”

“பிள்ளையளப் பாத்துக்கச் சொன்னவன்” என்றேன். அவள் அதை நம்பி அழுதாள். இப்போதும் பிள்ளைகள் அடம்பிடித்தால் அந்தப் பேச்சைத்தான் எடுத்துச் சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். நாம் காத்திருந்தது ஒரு கூரைத் துணிக்காக என்று எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவ்வளவு நேரமும் அந்தக் காரின் சாவி என் கையில்தான் இருந்தது, மச்சான்.