பிரிக்காத பதினான்கு உறைகள்

டொலிடோ, செவ்வாய்க்கிழமை

மகளுக்கு,

நீ கேட்டனுப்பிய வங்கிக் கடிதங்கள் இத்துடன் உள்ளன. பதினான்கு உறைகள், தேதிவாரியாக.

நீ இருக்கும் காப்பகத்திலிருந்து மிஸ் டெல்கடோ நேற்று வந்தாள். உன்னைக் கடத்தி வைத்திருந்தவன் உன் பெயரில் வாங்கிய கடன்களை, சட்டப்படி உன் கடன் அறிக்கையில் காட்டக் கூடாதாம். எந்தெந்தக் கணக்கு என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் வாடகைக்கு விடுவார்களாம்; மாத முடிவுக்குள் அது சரியாகாவிட்டால் உனக்குப் பார்த்திருக்கும் வீடு கைவிட்டுப் போய்விடும் என்றாள்.

"மூணு வருஷமா ஒண்ணக்கூடப் பிரிக்கலையா, மிஸஸ் ஜிலின்ஸ்கி?"

"அடுத்தவங்க கடிதத்தப் பிரிக்கிறது திருட்டுன்னு கான்வென்ட்ல சொல்லிக்குடுத்தாங்க."

"நல்லா சொல்லிக்குடுத்தாங்க, போங்க!"

உன் சம்மதம் இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகே உறைகளைப் பிரிக்கக் கத்தியை எடுத்தேன்.

நீ ஊதாரித்தனமாகச் செலவழித்துக்கொண்டு எங்கோ சுற்றுகிறாய் என்றுதான் கோயிலில் கேட்டவர்களிடம் சொல்லி வந்தேன். முதல் உறை நீ காணாமல்போன இரண்டாம் மாதம் வந்தது. அதில் செலவுப் பட்டியல் இருந்தது. வாராவாரம் ஒரே விடுதிக்கு வாடகை. ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் இருக்கும் விடுதி அது. அதன் சிவப்புப் பலகையைக் கண்டு ஒவ்வொரு வாரமும் முகம் சுளித்திருக்கிறேன். காரை நிறுத்தியதில்லை.

நீ எழுதிக் கொடுக்க வேண்டிய கணக்குகளைப் பட்டியலிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்; இருமுறை சரிபார்த்துவிட்டேன். கணக்கு எதுவும் விடுபடவில்லை.

புது வீட்டு முகவரியை எனக்குத் தர வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தைப் பிரித்தாய் என்று மட்டும் மிஸ் டெல்கடோவிடம் சொல்லியனுப்பு.

உன் அம்மா