இடப்பக்க இருக்கையின் பாரம்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

இஞ்சாருங்கோ,

தெஹிவளையில் உங்கள் அக்கா வீட்டில் சுகமாக இருப்பீர்கள். கார் விஷயமாக மட்டும்தான் எழுதுகிறேன்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய எஞ்சின்கள் பார்த்தேன். நீங்கள் ஆசைப்பட்ட டர்போவை வாங்கவில்லை. "அதப் போட்டா இந்தக் கியர்பொக்ஸ் ஒடஞ்சிடும் அக்கா, வேற வாங்கச் சல்லி பத்தாது" என்றான் எங்கள் மெக்கானிக் முர்ஷித். ஆகவே பழைய சின்ன எஞ்சினே இருக்கட்டும் என்று விட்டேன். "அந்தச் சின்ன எஞ்சினோட கார் ரலி ஓடுறதெண்டா நீர் தனியப் போம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் படியிறங்கியதை நான் அவனிடம் சொல்லவில்லை.

சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிபரன்ஷியலில் நீங்கள் சொன்னதுதான் சரி. மிஞ்சிய காசை அதில் போட்டேன். இப்போது சரளையில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது விடாமல் இழுக்கிறது.

கியர் விகிதம்தான் இழுபட்டது. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத் தெரிவு செய்ய, காரில் முழுப் பாரமும் இருக்க வேண்டுமாம்.

"பக்கத்துல இருந்து பாதைக் குறிப்பு வாசிக்கிறது யாரு? எத்தன கிலோ?" என்று கேட்டான்.

யோசிக்காமல் எழுபத்தைந்து என்றேன்.

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை உங்கள் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு ஓட்டினேன். கார் நன்றாக ஏறியது. வளைவு வருகிறதென்று சொல்லத்தான் ஆளில்லை.

மூட்டைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நேற்று வீட்டில் அரிசி முடிந்துவிட்டது. அதில் ஒன்றைப் பிரிக்க மனம் வரவில்லை. பேக்கரியில் பாண் வாங்கிச் சாப்பிட்டேன்.

உங்கள் சாரதி