ஷேக்கர் இருந்த இடத்தில் ஊறுகாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளமெண்ட் எழுதுவது. உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு சுகம்தானே? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் சர்ச் உபதேசியார் மகன் ரெஜி என் ஓட்டலுக்கே ஆபீஸ் வேலைக்கு வருகிறான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். லீவில் வந்தபோது மறந்துவிட்ட ஸ்டீல் ஷேக்கர், அளவுக் கிண்ணம், வடிகட்டி மூன்றையும் அவனிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். வந்தது மாங்காய் ஊறுகாய்! கேட்டால், "உபதேசியார் புள்ள கையில அத்தப் போயி குடுப்பாங்களா? ஊரே பேசிகினு திரியும்" என்கிறீர்கள்.

காக்டெயில் கலப்பவன் வெறுங்கையோடு என்ன செய்வான்? கண்ணாடித் தம்ளரில் குலுக்கினேன், உடைந்தது. இடது கையில் சின்னக் காயம், மூன்றே தையல். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆரணி முழுக்க எனக்கு ஜூஸ் கடை வேலை என்றே சொல்லிக்கொள்ளுங்கள். சாமான்களை மட்டும் உடனே பார்சலில் அனுப்புங்கள். சுற்றுவதற்கு அம்மாவின் பழைய புடவை போதும். துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. தையல் போட்ட மறுநாள் ரெஜி தன் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு ஷேக்கரை எடுத்து எனக்கு இரவல் கொடுத்தான். அவன் ஆபீஸும் என் பார்தான், அப்பா.

கிளமெண்ட்