பாடம் என்று நினைத்தோம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

சலவைக்கூட வேலை போக, ஆன்லைனில் சமூக உளவியல் படிக்கிறேன் அல்லவா, அதில் நேற்று ஒரு கூத்து. ஒருவர் ஆபத்தில் இருக்கும்போது கூட்டமாக நிற்பவர்கள், வேறு யாராவது உதவுவார்கள் என்று சும்மா இருந்துவிடுவார்களாம். கல்லூரி அறையிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியைக்குப் பேச்சு குழறியது. அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டார். பாடத்துக்காக நடிக்கிறார் என்றே நினைத்தோம். திரையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தும் அவர் அசையாதபோதுதான் எனக்கு உறைத்தது. வகுப்புத் தலைவரை மட்டும் கூப்பிட்டேன்.

"அண்ணா, உங்ககிட்டதானே காலேஜ் நம்பர் இருக்கு. ஆபீசுக்கு நீங்க போன் பண்ணுங்க, இப்பவே."

அந்த அறைக்குள் ஆட்கள் ஓடிவரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. இப்போது பிழைத்துக்கொண்டாராம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன், இப்போது சரியாகிவிட்டது. வீட்டிலிருந்து போன் வரவில்லை. அக்கா பேசியிருப்பாள் என்று நீங்களும், நீங்கள் பேசியிருப்பீர்கள் என்று அக்காவும் இருந்திருப்பீர்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களே பேசுங்கள், அப்பா. நீங்கள்தான்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் சின்ன மகள்